காட்சியும் பாடும்

விடுமுறை வந்தால் பயணத் திட்டம் தீட்டுகிறோம். வசதி படைத்தோர் ஆல்ப்ஸ் மலையின் ஏரிகளையும் பனியாறுகளையும் நாள்வாரியாக வரிசைப்படுத்துகின்றனர். நம்மவர்க்குப் பழவேற்காடு, சூளூர்ப்பேட்டை, நேலப்பட்டு என ஏரியைச் சுற்றிவரும் இரண்டு நாள் பயணமே நிறைவு தரும். பூநாரைகள், டச்சுக் கல்லறைகள், லைட்ஹவுஸ் குப்பத்துக் கலங்கரை விளக்கம் எனப் பட்டியல் நீளும். அப்பட்டியலில் அங்கு வாழும் மனிதருக்கு இடமுண்டா?

சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. நமக்கு அது காட்சி, மீனவருக்கோ வயல். அங்கே 'பாடு' என்றொரு முறை வழிவழியாக உண்டு. எவர், எந்நாளில், எவ்விடத்தில் வலையிடுவது என்பதை உரிமையுடையோர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வர். தம் முறை வராதவர் விலகி நிற்பர். பயணத்திட்டம் எங்கே செல்வது என்று மட்டுமே கேட்கிறது. பாடு, எங்கே விலகி நிற்பது என்றும் கேட்கிறது.

2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்து பிறப்பு விழா நாளில், பழவேற்காட்டில் உலாச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அழகிய நீருக்கும் தனக்கென நியதி உண்டு. இப்படகில் எத்தனை பேர் ஏறலாம், இன்று முகத்துவாரம் எப்படி என்று அந்நீரை அறிந்தவரிடம் கேட்பதும், அவர் வேண்டாமென்றால் திரும்புவதும் அறமேயாகும்.

பாடு என்னும் சொல்லுக்குத் துன்பம் என்றும் பொருளுண்டு. பிறர் பாட்டின்மீது நடந்து செல்லும் இன்பம், இன்பமாகுமா? அடுத்த பயணத்திற்குத் திட்டமிடுமுன் இதனைச் சிந்திப்போமாக.