தொழிலும் மனையறமும் திருத்தொண்டும்

பொருளீட்டும் தொழில், மனையறம், உயிர்க்குறுதி பயக்கும் வழிபாடு என்னும் மூன்றும் இல்லறத்தானது நாளைத் தம்முட் பங்கிட்டுக் கொள்வன. முதலாவது ஏனை இரண்டனையும் விழுங்காவண்ணம், 1919-ஆம் ஆண்டிலேயே சர்வதேசத் தொழில் மாநாடு ஆலைத் தொழிலுக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என எல்லை வகுத்தது. எனினும், கைப்பேசி வழியே அலுவல் அடுக்களை வரை புகும் இந்நாளில் அவ்வெல்லை பலர்க்கு ஏட்டளவில் நிற்கின்றது. வினவின், தொழில் செய்வோர் "எல்லாம் குடும்பத்திற்காகவே" என்பர். தொண்டு செய்வோர் "எல்லாம் சிவனுக்காகவே" என்பர். இவ்விடைகள் எத்துணைப் பொருந்துமென்பதைத் திருநீலகண்ட நாயனார் வரலாறு கொண்டு ஆராய்வாம்.

தில்லையில் வேட்கோவர் குலத்துதித்த அவர், மட்கலம் வனைந்து வாழ்ந்தார். அடியார்க்குத் திருவோடு அளித்தலைத் தொண்டாகக் கொண்டார். தொழிலிற் குறையில்லை, தொண்டிலும் குறையில்லை. மனையிலோ, அவர் பரத்தைபாற் சென்றமையின் ஊடிய மனைவியார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டு விலக்கினர். அன்று முதல் இருவரும் ஓரில்லத்தே தீண்டாது வாழ்ந்து முதுமை எய்தினர், அயலார் அறிந்திலர். ஆணை காத்த உறுதி போற்றற்குரியதே. ஆயினும் மனையில் நேர்ந்த பிளவு ஆறாது கிடந்தது.

சிவயோகியாராய் வந்த இறைவன், ஓர் ஓட்டினை அடைக்கலமாக வைத்து, பின் அதனைத் தானே மறைத்து, மீளக் கேட்டனன். களவின்மைக்கு அவன் வேண்டிய சான்று யாது? நாயனார் அதுகாறும் வழங்கிய ஓடுகளின் கணக்கை அவன் கேட்டிலன். மகனைக் கைப்பற்றி மூழ்குமாறு பணித்தான். மகன் இலன் என்றலும், மனைவியைக் கைப்பற்றி மூழ்குமாறு பணித்தான். எவ்விடம் ஊரார்க்கு மறைந்திருந்ததோ, அவ்விடமே வினவப்பட்டது காண்க. திருப்புலீச்சரத் திருக்குளத்தில் மூங்கில் தண்டின் இருதலையையும் பற்றி, நிகழ்ந்ததனை ஊரறிய உரைத்து மூழ்கியபின், இருவரும் ஒருங்கே இளமை பெற்றெழுந்தனர். அருளும் தனியொருவர்க்கு வந்ததன்று.

ஆதலின், தொழிலின் மிகுதியாதல் தொண்டின் மிகுதியாதல் மனைக்கடனுக்கு ஈடாகாதென்பது தெளிவு. பூசைக்கு நாழிகை வகுப்பார் மனைவி மக்களுக்கும் நாழிகை வகுத்து, அப்பொழுது அலுவற் கருவிகளை அகற்றி வைப்பாராக. பணி வேண்டி வரும் இல்லறத்தாரை "மனையில் யாவரும் நலமோ?" என முதற்கண் வினவுதல் மடத்துப் பெரியோர்க்கும் கடனாமென்று யாம் பணிவுடன் விண்ணப்பிக்கின்றோம்.

திருச்சிற்றம்பலம்.