பத்தியமும் அடைப்பும்

குறைவாக உண்பவனைப் போற்றுவதும், போதும் என்று கையை மறிப்பவனை வற்புறுத்தி உண்ணச் செய்வதும் நம்முடைய வீடுகளில் ஒரே கூடத்தில், பெரும்பாலும் ஒரே நாவினால் நடைபெறும் காரியங்கள். ஏகாதசிக்கு நீர் மட்டும் அருந்தியிருக்கும் பாட்டியின் வைராக்கியத்தை வியந்து பேசும் அதே வாய், இலையில் சோற்றை மிச்சம் வைத்த பேரனைக் கடிந்துகொள்ளும். உடற்பருமனைக் குறைக்கவென்று சஸ்திர சிகிச்சையினால் இரைப்பையைச் சுருக்கிக்கொண்டவன் இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்கிறான். அதன்மேல் உணவுப் பாதையில் ஒடுக்கம் என்னும் உபத்திரவமும் சேர்ந்துவிட்டால், அவன் நிலையைப் பிறர் அறிவது இருக்கட்டும், அவனே அறிந்துகொள்வதுகூட எளிதாக இருப்பதில்லை. அதை அனுபவித்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

எனக்கு நடந்தது கேஸ்ட்ரிக் பைபாஸ் என்ற சிகிச்சை. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசன் என்ற சஸ்திர வைத்தியர் 1966-ல் தொடங்கிவைத்த முறை அது. பிற்காலத்தில் பல திருத்தங்களைப் பெற்று, வயிற்றில் சில சிறு துளைகளிட்டே முடித்துவிடும் அளவுக்கு இன்று வளர்ந்திருக்கிறது. இரைப்பையின் மேற்பகுதியில் ஏறக்குறைய 30 மில்லி மட்டுமே கொள்ளும் ஒரு சிறு பையைப் பிரித்து, அதனோடு சிறுகுடலை நேராக இணைத்துவிடுகிறார்கள். உணவு இறங்கும் அந்த இணைப்பு வாயின் அகலமும் ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர்தான். நெடுங்காலம் இன்சுலின் ஊசியோடு வாழ்ந்த எனக்கு இச்சிகிச்சை செய்த உபகாரம் பெரிது. பின்னால் நேர்ந்த சங்கடத்தைச் சொல்வது யாரையும் பயமுறுத்துவதற்காக அல்ல.

புண் ஆறிவிட்டால் துன்பம் தீர்ந்தது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் தழும்பாக மாறும் சதைக்குச் சுருங்கும் இயல்பு உண்டு. கையிலோ காலிலோ அந்தச் சுருக்கம் நம் கண்ணில் படுவதில்லை. வட்டமாகத் தைத்த குடல்வாயில் அது நேரும்போது, கயிற்றை இழுத்த சுருக்குப்பையைப் போல வழி மெல்ல மெல்ல அடைபடுகிறது. இணைப்புக்கு ரத்த ஓட்டம் போதாமை, குடல் இழுபட்டு நிற்பது, தையலோரத்தில் அல்சர் உண்டாவது ஆகியவை இதற்குரிய காரணங்கள்; புகைபிடிப்பதும், சிலவகை வலி மாத்திரைகளை விழுங்குவதும் அந்த அல்சரை வளர்ப்பவை. நூறு பேரில் ஒரு சிலருக்கே, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் இது நேர்கிறது. இரைப்பையை நெடுக வெட்டிக் குழாயாக்கிக்கொண்டவர்களுக்கும் அதன் வளைவில் இத்தகைய ஒடுக்கம் வருவதுண்டு.

வந்தது இன்னதென்று தெரியாமற் போவதற்கும் காரணம் உண்டு. மெல்ல மென்று உண்ண வேண்டும், உணவோடு நீர் பருகலாகாது, பை நிறைந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்றெல்லாம் வைத்தியர் விதிக்கும் பத்தியத்தில், ஒரு வாய் அதிகமானாலும் நெஞ்சை அடைக்கும் என்பது முன்பே சொல்லப்பட்ட விஷயம். எனவே ரசத்தில் ஊறவைத்து மசித்த அரை இட்லி மார்பெலும்பின் பின்னால் கல்லைப்போல் நின்றுவிட, வாயில் நுரைத்த எச்சில் ஊறி ஊறி நிறைந்து, கடைசியில் உண்டதெல்லாம் செரிக்காமல் அப்படியே திரும்பி வந்தபோது, வேகமாக உண்டிருப்பேன் என்றே வீட்டில் எல்லோரும் கருதினார்கள். இட்லி நின்று கஞ்சியாயிற்று; கஞ்சி நின்று பாசிப்பருப்புத் தண்ணீராயிற்று; அதன்பின் மோர்கூட இறங்கத் தயங்கியது. அந்த நாட்களில் ஒரு கலியாண வீட்டில் பந்திக்கு உட்காராமல் ஓரமாக நின்ற என்னைப் பார்த்த உறவினர்கள், "ஆளே மாறிட்டீங்களே! இந்த மனக்கட்டுப்பாடு யாருக்கு வரும்?" என்று கொண்டாடினார்கள். உடல் மெலிவதையே வேண்டி நின்றவனுக்கு, மெலிவே வியாதியின் குறியாகவும் இருக்கக்கூடும் என்று யார் சொல்லப்போகிறார்கள்?

என் மனைவி சொன்னாள். "விரதம்னா பசிச்சும் சாப்பிடாம இருக்கிறது. உங்களுக்கு மோரே இறங்கலையே, இது என்ன விரதம்? கிளம்புங்க, டாக்டர்கிட்ட போவோம்." மிதமாக உண்பவன் உண்ண முடிந்தும் நிறுத்திக்கொள்கிறான், அடைப்புள்ளவனுக்கு நிறுத்துவதோ தொடர்வதோ தன் வசத்தில் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன. வைத்திய சாஸ்திரம் ஒரு நாளும் படியாத அவள், அன்றாடம் பாத்திரத்தில் மிஞ்சியதைக் கொண்டே அந்தப் பேதத்தைக் கண்டுவிட்டாள்.

சிகிச்சை நான் அஞ்சிய அளவுக்குக் கடுமையாக இல்லை. மயக்க மருந்து கொடுத்து, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள என்டோஸ்கோப்பி குழாயை வாய்வழியே செலுத்தினார்கள். இணைப்பு வாயைக் கடந்து செல்ல அதனால் இயலவில்லை. பிறகு வைத்தியர் காட்டிய படத்தில், இளஞ்சிவப்பான சதையின் நடுவே வெண்மையான தழும்பு வளையமும் அதன் மத்தியில் பென்சில் முனை நுழையுமளவு ஒரு துவாரமும் தெரிந்தன. சுருங்கிய பலூன் ஒன்றை அதனுள் நிறுத்தி, அழுத்தம் கொடுத்து விரித்து வழியை அகலப்படுத்தினார்கள். ஒரே மூச்சில் முழுமையாக விரித்தால் குடல் கிழிந்துவிடும் அபாயம் உண்டாகையால், இடைவெளி விட்டுச் சில தவணைகளில் செய்வார்கள். பெரும்பாலோருக்கு அவ்வளவில் தீர்ந்துவிடுகிறது, மறுபடி சஸ்திர சிகிச்சை தேவைப்படுவது அபூர்வம். முதல் தவணைக்குப் பின் இளஞ்சூடான பருப்புத் தண்ணீர் தடையின்றி இறங்கியதை உணர்ந்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது.

இதில் என் மனத்தை மிகவும் வருத்துவது வேறொன்று. ஓயாத வாந்தியினால் சரீரம் இழப்பவற்றில் வைட்டமின் பி1, அதாவது தையமின், முக்கியமானது. இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் உடலில் அதற்குக் கையிருப்பு இல்லை. தீட்டிய அரிசியையே உண்டு வந்தவர்களைப் பெரிபெரி பீடித்ததும் இதன் குறைவினால்தான். அது வற்றிவிட்டால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், புத்தி கலங்கும். சிலருக்கு ஞாபகசக்தி திரும்புவதே இல்லை. வாந்தியினால் சோர்ந்து வந்தவருக்கு அவசரமாகக் குளுக்கோஸ் ஏற்றினால், எஞ்சியிருக்கும் தையமினும் அதில் செலவாகிச் சேதம் விரைவுபடும். சில ரூபாய் மருந்தினால் தடுத்துவிடக்கூடிய இந்த விபரீதம், கேட்டுச் சொல்வார் இல்லாமையால் ஒருவருக்கேனும் நேர்வதை என்னால் சகிக்க முடியவில்லை.

ஆகையால் இச்சிகிச்சை செய்துகொண்டவர்களையும், அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களையும் நான் வேண்டிக்கொள்வது இது: நேற்று இறங்கிய உணவு இன்று இறங்கவில்லையென்றால், மெலிந்ததற்காக மகிழ்ந்திராமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூடத் தங்கவில்லையென்றால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், இன்ன சிகிச்சை நடந்திருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தையமின் கொடுக்கும்படி தயங்காமல் கேளுங்கள்.