குரல் எங்களது, உரிமம் யாருடையது?

'குரலற்றவர்களின் குரல்' என்றொரு சொல் தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. நம் தோழர்கள் சிலரும் இதைப் பெருமையோடு சொல்கிறார்கள். எனக்கு இந்தச் சொல்மீது நம்பிக்கை இல்லை. எங்க சனத்துக்குக் குரல் எப்போ இல்லாமப் போச்சு? நடவுல பாட்டு, சாவு வீட்டுல ஒப்பாரி, களத்துமேட்டுல கூலிச் சண்டை, எல்லாமே தொண்டை கிழியத்தான். கேட்க மறுத்த காதுகளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பேசிய வாயை ஊமை என்று எழுதிவைப்பது யாருக்கு வசதி?

ஆனால் குரல் இருப்பது வேறு, சொல் நம்முடையதாக இருப்பது வேறு. எங்க ஊர்ல என் பெரியப்பா தமுக்கடிச்சவர். 'இதனால் சகலமானவர்களுக்கும்' என்று அவர் தொண்டையைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். கண்மாய் ஏலம், கோயில் வரி, ஜப்தி, எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியும். அதில் ஒரு வார்த்தைகூட அவருடையது இல்லை. சேரிக்குத் தண்ணி வரலன்னு அதே தமுக்கை அடிச்சு அவர் ஒருநாளும் சொன்னதில்ல. சொல்லியிருந்தா தமுக்கு கிழிஞ்சிருக்கும், கூடவே முதுகும் கிழிஞ்சிருக்கும். தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லித் தமிழக அரசு 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. நல்லது. ஆனால் தமுக்கோடு அந்த ஏற்பாடும் ஒழிந்துவிட்டதா? அடுத்தவன் முடிவு செய்ததை நம் தொண்டையால் சொல்ல வைப்பதற்கு மைக் இன்னும் வசதியான கருவி அல்லவா?

இந்தக் கேள்வியோடுதான் நான் சமுதாய வானொலிகளையும், அவற்றுக்குப் பின்னால் நிற்கும் அமைப்புகளையும் பார்க்கிறேன். நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் உதாரணம் சங்கம் ரேடியோ. தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் மாச்னூர் என்ற கிராமத்தில் இருக்கிறது. அன்றைக்கு ஆந்திரத்தின் மேதக் மாவட்டம், இன்றைக்கு சங்காரெட்டி. டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் 1983இலிருந்து அந்த வட்டாரத்தில் பெண்களின் சங்கங்களோடு வேலை செய்துவந்தது. பெரும்பாலும் தலித் பெண்கள். மானாவாரி மேட்டு நிலத்தில் சோளமும் தினையும் விதைப்பவர்கள். 1998இல் யுனெஸ்கோ உதவியோடு அங்கே ஒலிப்பதிவுக் கூடம் கட்டியாயிற்று. ஒலிபரப்பத்தான் அனுமதி இல்லை. பத்து வருடம் அந்தப் பெண்கள் தங்கள் பேச்சையும் பாட்டையும் கேசட்டில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் போட்டுப் போட்டுக் கேட்டார்கள். 2008 அக்டோபர் 15 அன்றுதான் அது 90.4 மெகாஹெர்ட்ஸில் காற்றில் ஏறியது. இரவு 7 மணியிலிருந்து 9 மணி வரை, காட்டு வேலை முடித்து வந்தவர்கள் கேட்கிற நேரத்தில். கருவிகளை இயக்கி நிலையத்தை நடத்தியவர்கள் ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா என்ற இரண்டு தலித் பெண்கள்.

அந்தப் பத்து வருடக் காத்திருப்பை நாம் சும்மா கடந்துபோகக் கூடாது. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. அதுவும் ஏழைகள் போட்ட வழக்கில் அல்ல, கிரிக்கெட் ஆட்டத்தை யார் ஒளிபரப்புவது என்ற சண்டையில். பொதுச்சொத்து என்றானபின் அது யார் யார் கைக்கு எந்த வரிசையில் வந்தது என்று பாருங்கள். 2001இல் ஏலம் எடுத்த தனியார் கம்பெனி பெங்களூரில் எஃப்.எம். தொடங்கியது. 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் வளாக வானொலி வந்தது. 2006 நவம்பரில்தான் தொண்டு நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது. முதலில் பணம், அடுத்து படிப்பு, கடைசியில் சேரி. ஊர்க் கிணற்றில் தண்ணி எடுக்கிற வரிசைதான் இது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதிகளில் ஒருவரான பி.பி.சாவந்தே வந்துதான் மாச்னூரில் நிலையத்தைத் திறந்துவைத்தார். தீர்ப்பு சேரிக்கு வந்துசேர 13 வருடம் ஆகியிருந்தது.

வந்துசேர்ந்ததிலும் ஒரு கயிறு இருக்கிறது. உரிமம் தனிநபருக்குக் கிடையாது. பதிவு செய்து குறைந்தது 3 வருடமான அமைப்புக்குத்தான் கிடைக்கும். வானொலி கேட்டுச் சேரியில் இன்று கூடும் பெண்கள் நாளைக்கே விண்ணப்பம் போட முடியாது. பழைய அமைப்பு, அதன் முத்திரை, அதன் தணிக்கைக் கணக்கு வேண்டும். ஆக, பேசுகிறவள் ஒருத்தி, உரிமக்காரர் இன்னொருவர் என்ற நிலையைச் சட்டமே உண்டாக்கி வைத்திருக்கிறது. இன்னொரு கயிறும் உண்டு. சமுதாய வானொலி தானாகச் செய்தி சொல்லக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை வேண்டுமானால் அப்படியே எடுத்துப் போடலாம். தினை எப்போ விதைக்கணும்னு சொல்லலாம். பக்கத்து ஊர்ல நம்மாளைக் கட்டிவச்சு அடிச்சாங்கன்னு செய்தியாச் சொல்ல முடியாது. வாசல்படி தாண்ட முடியாத பெண்ணின் குரல் மேல்சாதி வீட்டு அடுப்படிவரை போகும் என்பது பெரிய விஷயம்தான். அலைக்குத் தீட்டு இல்லை. ஆனால் எந்தக் குரல் போகிறது? விதை சொல்லும் குரல் போகலாம், வழக்குச் சொல்லும் குரல் வெளியிலேயே நிற்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பின்னால் நிற்பவர்களின் அறம் பற்றிய கேள்வி வருகிறது. டவர் வேண்டும், கரண்டு வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும், டெல்லிக்கு நடக்க வேண்டும். இதையெல்லாம் யாரோ செய்தார்கள். டெக்கான் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான பி.வி.சதீஷ் தூர்தர்ஷனில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்தவர்; 2023 மார்ச்சில் காலமானார். பேசத் தெரிந்த ஒருவர் பேசாமல் கருவியை அந்தப் பெண்களின் கையில் கொடுத்தது சின்னக் காரியம் இல்லை. என்.ஜி.ஓ. என்றாலே ஏகாதிபத்தியப் பணம் என்று ஒரே வரியில் முடித்துவிடும் நம் தோழர்கள், அந்த ஒரு வரியைச் சொல்ல நமக்குச் சொந்தமாக ஒரு அலைவரிசை இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும்.

அதே நேரம், 'எல்லாம் அவங்கதான் செய்றாங்க, நாங்க சும்மா பின்னால நிக்கிறோம்' என்ற அடக்கம் எனக்குப் பயத்தைத்தான் தருகிறது. முன்னால் இருப்பவரைக் கேள்வி கேட்கலாம். பின்னால் இருப்பவர் கண்ணிலேயே படுவதில்லை. 1932இல் உருவான ஹரிஜன் சேவக் சங்கத்தின் நிர்வாகத்தில் தீண்டப்படாதோருக்கு ஏன் இடமில்லை என்று கேட்டபோது காந்தி சொன்ன நியாயம் என்ன? இது சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், கடன்பட்டவர்களே கடனைத் தீர்க்கும் வேலையை நடத்த வேண்டும் என்றார். கடன்காரன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டே கணக்குப் புத்தகத்தைத் தன் மடியிலேயே வைத்துக்கொள்வது. அம்பேத்கர் இதை விடாமல் அம்பலப்படுத்தினார். அதே அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' தொடங்கியபோது கோலாப்பூர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். 'ஊமைகளின் தலைவன்' என்று பேர் இருந்தாலும் இதழ் நம்மவர் கையில்தான் இருந்தது. இரண்டும் உதவிதான். ஒன்றில் சாவி உதவியவனிடம், மற்றதில் சாவி உதவி பெற்றவனிடம்.

சாவியை முழுக்கத் தாங்களே வைத்திருந்தவர்களும் உண்டு. பொலிவியாவின் ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் 1940களின் இறுதியிலிருந்து தங்கள் கூலியில் ஒரு பங்கு போட்டு வானொலிகள் நடத்தினார்கள். 1980 ராணுவக் கவிழ்ப்பின்போது, ராணுவம் வந்து அடித்து நொறுக்கும்வரை அவை பேசிக்கொண்டிருந்தன. அவர்களுக்குச் சங்கமும் மாதக் கூலியும் இருந்தன. மானாவாரிக் கூலிக்காரிக்கு அந்தப் பலம் இல்லை. அதனால் உதவியே வேண்டாம் என்பது வீறாப்பு மட்டும்தான்.

எனவே உதவ வருகிறவர்களிடம் நான் கேட்பது அடக்கத்தை அல்ல. நிலையத்தை நடத்தும் அமைப்பு அந்தச் சமுதாயத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்று அரசின் விதியிலேயே இருக்கிறது. அது காகிதமா, நடப்பா? பணம் எங்கிருந்து வருகிறது, யார் கையெழுத்துப் போடுகிறார், யாரை வேலையிலிருந்து நிறுத்த யாருக்கு அதிகாரம் என்பதை அந்த வானொலியிலேயே, அந்த மக்களின் பேச்சிலேயே சொல்லுங்கள். உங்கள் நிறுவனத்தைப் பற்றிய ஒரு குறையை அந்தப் பெண் அதே மைக்கில் சொல்லிவிட்டு, மறுநாளும் அதே நாற்காலியில் உட்கார முடிந்தால் அது அவளுடைய வானொலி. முடியாவிட்டால் அது புது மாதிரித் தமுக்கு.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. பாராட்டிவிட்டோ திட்டிவிட்டோ போவது சுலபம். கணக்குப் படிக்க, டிரான்ஸ்மிட்டர் பழுது பார்க்க, உரிமப் படிவம் நிரப்ப நம் பிள்ளைகள் எத்தனை பேர் கற்றிருக்கிறோம்? எங்க குரலுக்கு ஆள் வேண்டாம். டவருக்கு ஆள் வேணும். அந்த ஆள் யாரா இருந்தாலும் சரி, அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க எங்களுக்கு மைக் வேணும்.