தெரிந்த பின்

புற்றின் சுவட்டை ஒரு சொட்டு ரத்தத்தில் பிடித்துவிடும் உயிர் உணரிகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஜப்பான் ஞாபகம் வருகிறது. 1984 முதல் அங்கே ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார்கள். நியூரோபிளாஸ்டோமா என்னும் கட்டி இருந்தால் சிறுநீரில் சில அமிலங்கள் கூடும். சோதனையில் அகப்பட்ட குழந்தைகள் பெருகினார்கள். கத்தியும் மருந்தும் வந்தன. 2002இல் வெளியான கனடா, ஜெர்மனி ஆய்வுகள், இவ்வகைச் சோதனையால் சாவு குறையவில்லை என்றன. அகப்பட்ட கட்டிகளில் பல, விட்டிருந்தால் தாமே கரைந்திருக்கக்கூடியவை. 2003இல் ஜப்பான் சோதனையைக் கைவிட்டது.

என் சிக்கல் இங்கேதான். காப்பாற்றப்பட்ட குழந்தையும் வீணாக அறுக்கப்பட்ட குழந்தையும் பார்வைக்கு ஒன்றே. இரண்டின் பெற்றோரும் ஒரே மாதிரி நன்றி சொல்வார்கள். புள்ளிவிவரத்துக்குத் தெரிகிற அநியாயம், அதற்கு ஆளானவனுக்குத் தெரியவே தெரியாது.

கருவி ‘இருக்கிறது’ என்கிறது. ‘என்ன ஆகும்’ என்று சொல்வதில்லை. அந்த இடைவெளியை நம் பயம் நிரப்பிக்கொள்கிறது. கருவியின் நுட்பம் கூடுவதால் மட்டும் இந்த இடைவெளி குறையாது.

அறியாமையே மேல் என்று நான் வாதிக்கவில்லை. ஜப்பானிலேயே சில மருத்துவர்கள், அகப்பட்ட சில குழந்தைகளை அறுக்காமல் கவனித்து வந்தார்கள். கட்டிகள் பல சுருங்கின. தெரிந்த பின்னும் காத்திருப்பதற்கு வேண்டிய தைரியத்தை எந்த உணரியும் தராது. அதை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.