கேளாமல் பெற்ற கொடை

பாயான் பாருவுக்கு வடக்கே சில கல் தொலைவில், மிண்டன் வளாகத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1969ஆம் ஆண்டு நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகமாகத் தோன்றிய அது, தொடக்கத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரவல் இடம் பெற்று இயங்கி, 1971இல் மிண்டனுக்குக் குடிபெயர்ந்தது. இத்தகைய பொதுப் பல்கலைக்கழகத்தில் உயிரணுவியலில் முனைவர் பட்டத்திற்கு ஆராயப் புகும் நம் மாணவரை நோக்கி ஒரு வினா எழுகின்றது: அறிவைப் பெறுபவர் யாருக்குக் கடன்பட்டவர்?

உயிரணு ஆராய்ச்சியில் ஈடுபட்டோர் 'ஹீலா' என்னும் பெயரை அறியாதிருத்தல் அரிது. ஆய்வுக்கூடத்தில் அழிவின்றிப் பெருகிய முதல் மனித உயிரணு வகை அதுவே. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஹென்ரியெட்டா லேக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் உடலிலிருந்து அவ்வுயிரணுக்கள் எடுக்கப்பட்டன. புகையிலைத் தோட்டத்தில் உழைத்து வளர்ந்த அவர், ஐந்து பிள்ளைகளின் தாய். அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாள், தம் 31ஆம் வயதில் மறைந்தார். ஆராய்ச்சிக்கென அவரிடம் எவரும் ஒப்புதல் கேட்கவில்லை. குடும்பத்தாருக்குச் செய்தி எட்டியது 1970களில்தான்.

அவ்வுயிரணுக்களால் விளைந்த நன்மைகளோ பல. இளம்பிள்ளைவாதத் தடுப்பூசியைச் சோதிப்பதற்கு அவை 1950களில் உதவின. பிற்காலத்தில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் பெருந்துணை புரிந்தன.

இவ்வளவு நன்மை விளைந்தபின் கேட்காதது ஒரு குற்றமா என்று சிலர் வினவலாம். எறியப்படவிருந்த சதைத் துணுக்குதானே, அக்காலச் சட்டமும் தடுக்கவில்லையே என்றும் வாதிடலாம். அவ்வம்மையாரிடம் கேட்டிருந்தால் ஒருவேளை மனமுவந்து அளித்திருப்பார். அப்போது அது கொடையாகியிருக்கும். அவர் கொடையாளி எனப் போற்றப்பட்டிருப்பார். கேளாமல் எடுத்தவர்கள் அந்தப் பெருமையை அவரிடமிருந்து பறித்துவிட்டனர். விளைந்த நன்மை எவ்வளவு பெரிதாயினும், இவ்விழப்பை அது ஈடுசெய்யாது.

உலகம் காலந்தாழ்த்தியேனும் இதனை உணர்ந்தது. ஹீலாவின் மரபணுத் தொகுதித் தரவுகளைப் பயன்படுத்துவோரின் விண்ணப்பங்களை ஆராயும் குழுவில், 2013இல் அக்குடும்பத்தாருக்கும் இடமளிக்கப்பட்டது. 2023இல் அவ்வுயிரணுக்களால் வணிகம் செய்த நிறுவனமொன்று குடும்பத்தாருடன் உடன்பாடு கண்டது.

நம் மாணவரின் கடனும் இத்தகையதே. அவர் நோக்கும் நுண்பெருக்கிக்குப் பின்னால், பால்மரம் சீவியவரும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவெல்லாம் கண்விழித்து உழைப்பவரும் செலுத்திய வரிப்பணம் இருக்கின்றது. நாளை அவரே குருதி மாதிரி வேண்டி மருத்துவமனைக் கட்டிலருகே நிற்கக்கூடும். கட்டிலில் கிடப்பவர் தோட்டத்தில் பிறந்த மூதாட்டியாக இருக்கலாம். ஒப்புதல் படிவத்தின் மொழி அவருக்கு விளங்காது. கைநாட்டு வாங்கிவிட்டால் சட்டம் நிறைவடையலாம், அறம் நிறைவடையுமா? "பாட்டி, இதை எதற்காகக் கேட்கிறோம் தெரியுமா? வேண்டாமென்றாலும் உங்கள் வைத்தியம் நிற்காது" என்று அம்மூதாட்டிக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைப்பதே ஆராய்ச்சியின் முதற்பணி.

வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதனைத் தேர்வுக்காக மட்டும் கற்பிக்கும் ஆசிரியரும், மனனம் செய்யும் மாணவரும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று. உயிரணு என்ற சொல்லை வகுப்பறையில் நாம் கற்றுத் தருவது, என்றேனும் ஒருநாள் அக்கட்டிலருகே அதன் பொருளை எளிமையாய் விளக்குவதற்கும் ஆகும்.