வேட்டையும் தந்தையின் ஆசியும்

திருஅவையின் வழக்கில் மரபு என்பது கையளித்தலே. செபமும் நன்னெறியும் தந்தையிடமிருந்து மகனுக்கு இவ்வாறே வந்து சேர்கின்றன. ஆயினும் கையளிக்கப்படுபவை யாவும் நல்லவைதாமா? வளரிளம் பருவத்து மகனை மலைக்காட்டிற்கு அழைத்துச் சென்று பெருவிலங்கு வேட்டையைக் கற்பிக்கும் தந்தை, அவனுக்கு உண்மையில் எதைக் கொடுக்கிறார்?

பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974), ஜவளகிரி, நீலகிரி அடிவாரத்துச் சேகூர் முதலிய காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளை வீழ்த்தி, அந்த அனுபவங்களை நூல்களாக எழுதியவர். அவர் மகன் டொனால்டு இளமையிலேயே தந்தையோடு காடு சென்று பழகி, தாமும் வேட்டைக்காரரானார். 2014இல் மறைந்த அவருடைய நினைவுகள் 2018இல் நூலாக வந்தன.

வேட்டையை முற்றிலும் பழிப்பது நேர்மையன்று. காற்றின் திசையறிதல், தடம் பார்த்தல், மணிக்கணக்கில் பேசாது காத்திருத்தல், காயம்பட்ட விலங்கைத் தவிக்க விடாது தேடிச் செல்லுதல் ஆகிய யாவும் இளைஞனைப் பண்படுத்தக் கூடியவை. ஆட்கொல்லியை வீழ்த்தியது எளிய மலைமக்களுக்குச் செய்த தொண்டு. ஆனால் உயிர்காக்கச் சுட்ட விரல், சுவரில் மாட்டும் கொம்புக்காகவும் சுடுகிறது. நீலகிரியில் விலங்குகள் அருகவே, 1879இலேயே வேட்டைக்கு வரையறை விதித்துச் சட்டம் இயற்றப்பட்டது. 1972இல் நாடு தழுவிய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் காணப்பட்ட வரையாடுகள் 1,031 மட்டுமே.

உணவுக்கும் உடைக்கும் விலங்குகளைப் பயன்படுத்தலாம் என்று 1992ஆம் ஆண்டின் கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு ஏற்கிறது. ஆயின் அவற்றைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானவை என்கிறது. விலங்கிடம் இரங்கப் பழகியவன் மனிதரிடமும் இரங்குவான் என்பது புனித தோமா அக்குவினாரின் கருத்து. ஆகவே இவ்வினா விலங்கோடு முடியாமல் சிறுவனின் உள்ளத்தையும் தொடுகிறது.

தொடக்க நூலைப் பாருங்கள். தந்தை ஆபிரகாமுடன் மோரியா மலையேறிய ஈசாக்கு, பலிக்குரிய ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்டான். ஆண்டவர் ஆபிரகாமின் கையைத் தடுத்ததால் அவன் பிழைத்தான். அதே ஈசாக்கு, தானும் தந்தையான பின், வேட்டை உணவின் சுவைக்காக ஏசாவிடம் தனி அன்பு கொண்டான். வேட்டையாடிச் சமைத்துக் கொண்டுவந்தால் ஆசி தருவேன் என்றான். ஏசா காட்டிற்குச் சென்றிருந்த வேளையில் அவனுக்குரிய ஆசி யாக்கோபுக்குப் போயிற்று. உடன்பிறந்தார் பகைவராயினர். ஆசியை வேட்டைக்குக் கூலியாக்கிய இல்லத்தில் அமைதி நிலைக்கவில்லை.

தந்தையின் ஒரு புன்னகைக்காக விசையை அழுத்தும் மகன், அன்புக்கு இதுவே விலையென்று கற்றுக்கொள்கிறான். இந்த ஆபத்துக்குத் துப்பாக்கி தேவையில்லை. திருநின்றவூரில் பணிமுறை முடிந்து களைத்து வீடு திரும்பும் தந்தையும், மகனின் மதிப்பெண்ணைக் கேட்ட பிறகே முகம் மலர்வாரானால், அங்கும் ஏசாவின் கதைதான்.

மாற்று வழிக்கும் சான்று உண்டு. தோலுக்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர் மக்கள், 1978இல் தொடங்கிய தம் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக, வடநெம்மேலியில் பாம்பின் நஞ்சை எடுத்தபின் அதை உயிரோடு காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சு கடிபட்டோரைக் காக்கும் மருந்தாகிறது. தடமறியும் முன்னோர் கலை அழியவில்லை. கொலை மட்டும் நீங்கிற்று.

மகனோடு மலையேறுவது நன்று. காட்டின் மொழியை அவனுக்குக் கற்பிப்பதும் நன்று. ஆயின் ஆசியை முதலில் கொடுத்துவிட வேண்டும். வெறுங்கையோடு திரும்பினாலும் தான் மகனே என்றறிந்தவன், எதையும் கொன்று தன்னை மெய்ப்பிக்க வேண்டியதில்லை.