பழகுதலும் பழக்குதலும்

ஜல்லிக்கட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் வாடிவாசலில் போய் நின்றுகொள்கிறார்கள். ஆதரிப்பவர், எதிர்ப்பவர் இருவரும்தான். காளை வெளியே பாய்கிற அந்தச் சில விநாடிகளே ஒருவருக்கு வீரம், மற்றவருக்குக் கொடுமை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோதும், 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடி அவசரச் சட்டம் வந்தபோதும், 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்றபோதும், பேச்சு பெரும்பாலும் அந்த விநாடிகளைச் சுற்றியே நடந்தது. நான் இந்த விளையாட்டின் ரசிகன். ஆனால் சில வருஷங்களாக என்னை இழுப்பது வாடிவாசல் அல்ல, அதற்கு முந்திய மார்கழி. தச்சங்குறிச்சியில் வருஷத்தின் முதல் வாடி திறப்பதற்கு முன்னால், புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் மாடு பழக்குகிற நாட்கள். அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை என்று பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இது என் தனிப் பைத்தியம் என்று பெருமைப்பட இடமில்லை. அமெரிக்காவில் பேஸ்பால் பருவம் தொடங்குமுன், பிப்ரவரி பின்பாதியிலிருந்து மார்ச் வரை, முப்பது அணிகளில் பதினைந்து புளோரிடாவிலும் பதினைந்து அரிசோனாவிலும் ஆடிப் பழகுகின்றன. ரசிகர்கள் மைதானம் மைதானமாகப் பயணம் போய் இதைப் பார்க்கிறார்கள். அங்கே கிடைக்கும் வெற்றி தோல்வி பருவக் கணக்கில் சேராது. சேராது என்பதுதான் கவர்ச்சி. ஜெயித்தாக வேண்டிய நிர்ப்பந்தம் கழன்றபின் ஆட்டம் தன்னளவில் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற ஆசை. ஒரு கவிஞனின் அடித்துத் திருத்திய தாளைப் பார்க்க விரும்புகிற மனோபாவமும் இதுதான். (அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்தி வைக்கிற கவிஞர்களை நான் நம்புவதில்லை, அது வேறு விஷயம்.)

இங்கே பழக்குகிற இடம் என்று பெரும்பாலும் தனியாக எதுவும் கிடையாது. கண்மாய்க் கரை, கடலை பிடுங்கிய கொல்லை, தைலமரக் காட்டை ஒட்டிய செம்மண் தரிசு. விடியலில் காளையை நடத்திக்கொண்டு போகிறார்கள். தண்ணீரில் இறக்கி நீந்த விடுகிறார்கள். மூச்சு நிற்கும், தொடை இறுகும். பிறகு ஈரமண்ணைக் கிளறிக் குவித்து அதன் முன் நிறுத்துகிறார்கள். காளை தலையைத் தாழ்த்திக் கொம்பால் கோதி மண்ணைத் தன் முதுகுக்கு மேல் எறிகிறது. அதற்கப்புறம் நீளக் கயிற்றில் பிடித்துக்கொள்ள, தெருப் பையன்கள் பக்கவாட்டில் வந்து திமிலைத் தொடப் பார்ப்பார்கள். தொட வருகிற கை விரோதியின் கை என்று அது கற்றுக்கொள்ள வேண்டும். எல்லாம் முடிந்து, வாயில் நுரையோடு நிற்கிற அந்த மாட்டின் மூக்கணாங்கயிற்றை ஒரு கிழவி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறாள். கன்றுக்குட்டி போல அது பின்னால் போகிறது.

இலுப்பூர்ப் பக்கம் அப்படி ஒரு கிழவியிடம், பழக்குகிறபோது பையன்களைக் குத்திவிடாதா என்று கேட்டேன். “அதுக்கு இது பழக்கம், அது வாடின்னு என்ன தம்பி தெரியும்? வந்தா குத்தும்” என்றாள்.

தீர்ப்புகளையும் கட்டுரைகளையும்விட இந்த வாக்கியம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. பயிற்சி என்பது முழுக்க ஒரு பிரக்ஞை நிலை. உடம்பு செய்வது ஆட்டத்திலும் பயிற்சியிலும் ஒன்றுதான். ‘இது கணக்கில் சேராது’ என்று தெரிந்திருப்பதே பயிற்சியைப் பயிற்சி ஆக்குகிறது. பேஸ்பால்காரனுக்கு அது தெரியும். மாடுபிடிக்கிறவனுக்கும் தெரியும். அவசரச் சட்டம் வந்த மறுநாள், 2017 ஜனவரி 22, ராப்பூசலில் இரண்டு பேர் இறந்தார்கள். எதற்குள் நுழைகிறோம் என்று தெரிந்து நுழைந்தவர்களின் சாவு அது. துக்கமானது, ஆனால் அர்த்தம் உள்ளது. காளைக்குக் கணக்கு இல்லை. திமிலைப் பிடித்தபடி 15 மீட்டர் அல்லது 3 துள்ளல் என்கிற விதி அதற்குத் தெரியாது. தான் ஜெயித்தது அதற்குத் தெரியாது. அதனால் தான் பழகிக்கொண்டிருப்பதும் தெரியாது. கொல்லையில் அது குத்துவது நிஜமாகவே குத்துவதுதான். ‘இது வெறும் பயிற்சி’ என்று நான் வேடிக்கை பார்க்கிற இடத்தில், பயிற்சி என்று ஒன்று நடக்கவே இல்லை.

தமிழில் பழகுதல், பழக்குதல் இரண்டும் ஒரே வேர். ஒருவரோடு பழகுகிறோம், ஒன்றைப் பழக்குகிறோம். கிழவியோடு அந்த மாடு பழகியிருக்கிறது. மற்றவர்களைக் குத்தப் பழக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டுக் காரியங்கள். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வைக்கிற கை, மண்ணைக் கிளறிக் குவிக்கிற கை, கடைசியில் வாடிக்குள் மூக்கணாங்கயிற்றை அறுத்துவிடுகிற கை எல்லாம் ஒரு குடும்பத்துக் கைகள். முதல் கையின் மேல் வைத்த நம்பிக்கை இல்லாமல் மூன்றாவது காரியம் நடக்காது. மாட்டை இவர்கள் நேசிக்கிறார்கள் என்பது எனக்குச் சந்தேகமே இல்லை. கேள்வி, நேசம் இருக்கிறதா என்பதல்ல. நேசத்தைக் கொண்டு என்ன செய்யலாம் என்பது.

காளையின் இயல்பு என்று இரண்டு தரப்பும் பேசுகின்றன. 2014 தீர்ப்பு, அதன் உடலமைப்பே வித்தை காட்டுவதற்கு ஏற்றதல்ல என்றது. எதிர்த்தரப்பு, சீறுவதே அதன் இயல்பு என்கிறது. கொல்லையில் நின்றால் இரண்டும் நிற்காது. சீறுவது இயல்பென்றால் விடியல்தோறும் மண் குவிப்பானேன்? இயலாதென்றால் எப்படி இவ்வளவு நன்றாகக் கற்கிறது?

நம் எழுத்திலும் வாடிவாசல்தான் உண்டு. சி. சு. செல்லப்பாவின் நாவலில் எல்லாம் அந்தத் திடலிலேயே நடந்து முடிகிறது. கடைசியில் ஜமீன்தார் காரியைச் சுட்டு விடுகிறார். மனிதனின் பழியும் மானமும் அதில் பூரணமாக இருக்கின்றன. காரிக்கு மண் காட்டிய கை யாருடையது என்பது அதன் பிரச்னை அல்ல. அது குறை என்று சொல்லவில்லை. அந்தப் பக்கம் இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது என்கிறேன்.

மாட்டுக்காரர்கள் சொல்கிற வலுவான வாதம் வேறு. டிராக்டர் வந்தபின் காளைக்கன்றுக்கு வேலை இல்லை. ஜல்லிக்கட்டு இல்லாவிட்டால் அது அடிமாடாக லாரி ஏறும். இது உண்மை. அன்னவாசலுக்குப் பக்கத்திலேயே சித்தன்னவாசல் மலையில், ஏழடிப்பட்டத்தின் கற்படுக்கைகளில் படுத்திருந்த சமண முனிவர்களிடம் கேட்டிருந்தால் கட்டவும் வேண்டாம், அவிழ்க்கவும் வேண்டாம் என்றிருப்பார்கள். அந்த மலையின் குடைவரைக் கூரையில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறது. மீனும் யானையும் மாடும் அதில் யாரும் பழக்காமல் நீந்துகின்றன. ஆனால் உழுது பிழைக்கிறவனுக்கு அந்த ஓவியக் குளம் பதிலாகாது. லாரியிலிருந்து காப்பாற்றியதற்குக் கூலியாக எவ்வளவு கேட்கலாம் என்பதுதான் அவனுக்கும் எனக்கும் முன்னால் இருக்கிறது.

2018 பிப்ரவரியில் தென்னலூரில், அன்றைய அமைச்சர் ஒருவரின் பேர்பெற்ற காளை கொம்பன், வாடியிலிருந்து பாய்ந்த வேகத்தில் தூணில் மோதிச் செத்தது. எந்தப் பிடிகாரனின் கையும் காரணமில்லை. பழக்கிய வேகம்தான்.

2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் ஒரே நாளில் 1,300க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்தார்கள். கணக்குப் போட்டால் ஒரு மாட்டுக்கு அரை நிமிஷம்கூடத் தேறாது. அத்தனை மாதப் பழக்கத்துக்கு அரை நிமிஷம். இப்போதெல்லாம் தை பிறந்து போனால் நான் வாடிப் பக்கம் நிற்பதில்லை. திடல் தாண்டி, ஓடிவந்த மாடுகளைப் பிடித்துக் கட்டுகிற இடத்துக்குப் போய்விடுகிறேன். கையில் புதுக் கயிறோடு மாட்டுக்காரர்கள் நின்று ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கத்துகிறார்கள். சில மாடுகள் நிற்கின்றன. சில நிற்காமல் அடுத்த ஊர் வரைக்கும் போய்விடுகின்றன. அவற்றைத் தேடிக்கொண்டு இரண்டு நாள் அலைகிறார்கள்.